செம்மண் பாதைக்கு ஒரு வாகனம்: சிங்கப்பூரிலிருந்து உட்காட்டுப் பயணம் செல்வோருக்கான தேர்வும் தயாரிப்பும்

ஜோகூரின் காஹாங் நகரிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயிலுக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமுடையது. நான் முதன்முறை அங்கே சென்ற நாளில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரம் பெய்த மழை அந்தச் செம்மண்ணைச் சவர்க்காரம் தேய்த்த தரையைப் போல ஆக்கிவிட்டது. நெடுஞ்சாலை டயர்கள் பூட்டியிருந்த எங்கள் வாகனம், நான்கு சக்கரங்களும் சுழன்றுகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் நழுவி வடிகாலுக்குள் இறங்கியது. செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எங்களை இழுத்துவிட முன்வந்தார். கயிற்றை எங்கே மாட்டுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கப்பலில் ஏற்றும்போது வாகனத்தைக் கட்டிவைப்பதற்காக அடியில் வைத்திருக்கும் மெல்லிய வளையத்தில் மாட்டினோம். அது முதல் இழுப்பிலேயே வளைந்து பிய்ந்து பறந்தது. யார்மீதும் படாமல் போனது எங்கள் நல்லூழ்.

அன்றைக்கு எங்களிடம் கூரைமேல் விளக்கு வரிசை இருந்தது, குளிர்ப்பெட்டி இருந்தது, விலை உயர்ந்த கூடாரம் இருந்தது. சரியான டயரும் உறுதியான இழுவைக் கொக்கியும் இருக்கவில்லை. வாங்கும் வரிசையை நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம். அந்த வரிசையை நேராக்குவதற்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்: முதலில் எந்தப் பாதை என்ற முடிவு, பிறகு அதற்கேற்ற வாகனம், அதற்குப் பிறகு டயர், மீட்புக் கருவி, தண்ணீர். மற்றவை எல்லாம் எடைக்கணக்கில் மிச்சம் இருந்தால் மட்டுமே.

எந்தப் பாதை, எத்தனை நாள்

சிங்கப்பூரில் காட்டுப் பாதையில் வாகனத்தை ஓட்டிப் பழகப் பொதுமக்களுக்கு இடமில்லை. நீங்கள் வாங்கப்போகும் வாகனம் ஆண்டில் முந்நூற்று நாற்பது நாள்களுக்கு மேல் தீவு விரைவுச்சாலையிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்திலும்தான் இருக்கும். எஞ்சிய சில வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும்தான் ஜோகூர், பகாங், கிளந்தான் மாநிலங்களின் உட்பகுதிகளைப் பார்க்கும். ஆகவே, ஆண்டில் எத்தனை நாள், எத்தனை பேர், எத்தகைய பாதை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

பாதைகளை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் வகை, சமன் செய்யப்பட்ட தோட்டச் சாலைகளும் சரளைச் சாலைகளும். வறண்ட நாளில் இவற்றில் சாதாரண கார்கூடச் செல்லும், மழை நாளில் பிடிமானமே பிரச்சினை. இரண்டாம் வகை, மரம் வெட்டும் நிறுவனங்கள் போட்டுவிட்டுப் பின்னர் கைவிட்ட பழைய லாரிப் பாதைகள். ஆழமான சக்கரத் தடங்கள், சரிந்த மரங்கள், பாலம் இல்லாத ஓடைகள் ஆகியவை இங்கே உண்டு. மூன்றாம் வகை, வண்டி முழுவதும் சேற்றில் புதையும் போட்டிப் பாதைகள். 1997 முதல் மலேசியாவில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி மழைக்காலத்தைத் தேடிப்போய் நடத்தப்படுவது இந்த மூன்றாம் வகைக்காகத்தான். அதற்கான வாகனங்கள் வேறு, அவற்றை ஓட்டுபவர்களின் ஆயத்தமும் வேறு. குடும்பத்தோடு செல்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வாகனம் வாங்கக் கூடாது.

பருவத்தையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பெருமழையைக் கொட்டும். அக்காலத்தில் பூங்காக்கள் மூடப்படுவதும் ஆறுகள் சாலையை மூழ்கடிப்பதும் வழக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறை நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் போகத் திட்டமிடுவது தவறு. மார்ச் விடுமுறையின் பிற்பகுதியும் ஜூன் விடுமுறையும் நல்ல காலங்கள்.

வாகனத்தின் எலும்பும் தசையும்

முதல் வகைப் பாதைகளோடு நின்றுவிடுவோர், எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்லும் உயரமான கார் ஒன்றைப் பரிசீலிக்கலாம். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி கொண்ட சுபாரு ஃபாரஸ்டர் போன்ற வாகனம், நல்ல டயர்களோடு, பெரும்பாலான தோட்டச் சாலைகளைத் தாங்கும். நகரத்தில் ஓட்டுவதற்கும் சுகமாக இருக்கும். நண்பர்களில் பலருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஏனெனில் அவர்கள் உண்மையில் போகும் இடங்கள் அத்தகையவை.

இரண்டாம் வகைப் பாதைக்கு மூன்று உறுப்புகள் தேவை. முதலாவது, ஏணி போன்ற தனி அடிச்சட்டத்தின், அதாவது சேசிஸின், மீது உடலை வைத்துக் கட்டிய அமைப்பு, அல்லது அதற்கு இணையான உறுதி. இரண்டாவது, லோ ரேஞ்ச் கியர்: எஞ்சினின் சுழற்சியைப் பல மடங்கு குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்பும் இந்தப் பெட்டி, நடைவேகத்தில் ஏறவும், பிரேக்கை மிதிக்காமல் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கவும் உதவுகிறது. ஈரச் செம்மண் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். லோ ரேஞ்சின் அருமை அப்போதுதான் புரியும். மூன்றாவது, டிஃபரென்ஷியல் பூட்டு. டிஃபரென்ஷியல் என்பது இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பற்சக்கரப் பெட்டி. சாதாரண டிஃபரென்ஷியல் எளிதாகச் சுழலும் சக்கரத்தின் பக்கமே சுழற்சியைப் போகவிடும் இயல்புடையது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், தரையில் இருக்கும் மறுசக்கரம் அசையாமல் நிற்கும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து சுழலும். இக்கால வாகனங்கள் பலவற்றில், அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து விசையை மறுபக்கம் திருப்பும் மின்னணு ஏற்பாடு உண்டு. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே பூட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வாகனத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

2018இல் வெளிவந்த நான்காம் தலைமுறை சுஸுகி ஜிம்னி இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஏணிச் சேசிஸ், லோ ரேஞ்ச், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, பம்பர் தரையில் முட்டாமல் மேட்டில் ஏற முன்பக்கம் 37 பாகையும் இறங்கப் பின்பக்கம் 49 பாகையும் கொண்ட கோணங்கள் எல்லாம் அதில் உள்ளன. 1.5 லிட்டர் எஞ்சின் என்பதால் புதிய வாகனத்தைப் பதிய நாம் ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழில் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவுக்குள் அடங்குகிறது. அதன் குறுகிய உடல் பழைய லாரிப் பாதைகளில் பெரிய வண்டிகள் திரும்ப முடியாத இடத்திலும் திரும்பிவிடும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது போதாது. நான்கு கதவு ஜீப் ராங்லர், லேண்ட் குரூசர் பிராடோ, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். அவை 'பி' பிரிவைச் சேர்ந்தவை. அப்பிரிவின் சான்றிதழ் மட்டுமே சில ஏலங்களில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது.

மலேசியாவில் எங்கு பார்த்தாலும் தென்படும் ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகள்மேல் ஆசை வருவது இயல்பு. சிங்கப்பூரில் அவை சரக்கு வாகனங்களாகப் பதிவாகின்றன. சான்றிதழ்ப் பிரிவு 'சி', விரைவுச்சாலையில் வேக வரம்பும் கார்களைவிடக் குறைவு, எல்லை தாண்டும்போது சரக்கு வாகனங்களுக்கான விதிமுறைகளும் தனி. சொந்தப் பயணத்துக்காக மட்டும் அதை வாங்க நினைப்பவர் இவற்றை எல்லாம் விசாரித்து முடித்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். டீசல் கார்களின் புதிய பதிவு 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், காட்டுப் பயணிகள் விரும்பும் டீசல் எஞ்சினைத் தேடுவோருக்குப் பழைய வாகனச் சந்தை ஒன்றே வழி.

ஆண்டுக்கு ஓரிரு முறைதான் போவீர்கள் என்றால், வாங்காமலே இருப்பதும் நல்ல தேர்வுதான். பேத்தாவுக்குக் காஹாங்கிலிருந்து உள்ளூர் ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வண்டியை ஏற்பாடு செய்துகொள்ள முடியும். அந்த ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒருமுறை போய்வருவது, எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததாகாது.

எடை என்னும் கணக்கு

ஒவ்வொரு வாகனத்துக்கும் அதிகபட்ச மொத்த எடை என்று ஓர் எண் உண்டு. அதிலிருந்து வாகனத்தின் சொந்த எடையைக் கழித்தால் கிடைப்பதே, ஓட்டுநர் உட்பட நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. ஜிம்னியின் மொத்த எடை வரம்பு 1,435 கிலோ, சொந்த எடை சுமார் 1,100 கிலோ. மிச்சம் ஏறத்தாழ 330 கிலோ. இரண்டு பெரியவர்கள் ஏறியவுடன் 150 கிலோ போய்விடும்; கையில் இருப்பது 180.

இப்போது பலர் பூட்டிக்கொள்ளும் பொருள்களை எடைபோட்டுப் பாருங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் இயந்திரம்) 75 கிலோ, கூரைச் சட்டம் 25, கூரைக் கூடாரம் 55, நிரம்பிய குளிர்ப்பெட்டி 30, தண்ணீர் 30 லிட்டர் என்றால் 30 கிலோ, மீட்புக் கருவிகளும் சாவிகளும் 25, அடுப்பும் அரிசியும் பாத்திரங்களும் 15. கூட்டினால் 255 கிலோ. வரம்பை 75 கிலோ தாண்டிவிட்டது. அதிலும் 80 கிலோ கூரைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் சரிந்த பாதையில் வண்டி கவிழ்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. அந்தக் கூரையே அவ்வளவு சுமையைத் தாங்க அனுமதிக்கப்பட்டதல்ல. எடை கூடக் கூட பிரேக் தூரம் நீளும், ஸ்பிரிங் தாழும், சேற்றில் சக்கரம் ஆழமாகப் புதையும், எரிபொருள் கூடுதலாகக் கரையும். ஆகவே நான் ஒவ்வொரு பொருளையும் குளியலறை எடைக்கருவியில் வைத்து எழுதிக்கொள்கிறேன். இரண்டு பயணங்களில் பயன்படாத பொருள் மூன்றாவது பயணத்தில் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மருந்துப் பெட்டியும் மீட்புக் கருவியும் மட்டும் இந்த விதிக்கு விலக்கு.

கூரைமேல் எதையாவது பூட்டினால் உங்கள் கார் நிறுத்துமிடத்தின் உயரத் தடையை அளந்துகொள்ளுங்கள். வீடு திரும்பிய பின் வண்டி உள்ளே நுழையாமல் நிற்கும் துன்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இரு கரையிலும் உள்ள விதிகள்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, அறவே கூடாதவை. பம்பர், கூடுதல் விளக்கு, சஸ்பென்ஷன் உயர்த்துதல், டயர் அளவு ஆகிய நான்கும் காட்டுப் பயணிகள் கைவைக்க விரும்பும் இடங்கள். நான்குமே விதிகளுக்கு உட்பட்டவை. ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து, ஐயமிருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் கேட்டு, எழுத்தில் தெளிவு பெற்ற பிறகே பொருளை வாங்குங்கள். "எல்லாரும் போடுகிறார்கள்" என்று பட்டறையில் சொல்வதை நம்பினால் அபராதம் கட்டப்போவது நீங்கள். மூன்றாண்டு முதல் பத்தாண்டு வரை வயதான கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எல்லை தாண்டும்போது எரிபொருள் கலன் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி நாம் எல்லாரும் அறிந்ததே. மலேசியத் தரப்பில் வாகன நுழைவு அனுமதியும் அதற்கான மின்னணு வில்லையும் தேவை; 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. ஜோகூருக்குள் நுழையும்போது சாலைக் கட்டணம் 20 ரிங்கிட்.

காட்டுப் பயணிக்கு இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பதிவு வாகனங்கள் மலேசியாவில் ரான் 95 (ஆக்டேன் தர எண் 95) பெட்ரோல் நிரப்பக் கூடாது. ரான் 97 தான். உட்பகுதிச் சிற்றூர்களின் நிலையங்கள் எல்லாவற்றிலும் ரான் 97 இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே குளுவாங் அல்லது மெர்சிங் போன்ற பெரிய நகரத்தில் கலனை முழுதாக நிரப்பிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். லோ ரேஞ்சில் செல்லும்போது ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் பெட்ரோல் தார்ச்சாலையைவிட இரு மடங்காகலாம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். தனிக் கலன்களில் பெட்ரோலை எல்லை தாண்டிக் கொண்டு செல்லும் எண்ணமே வேண்டாம்.

காப்புறுதி ஆவணத்தை எடுத்து முழுமையாகப் படியுங்கள். மேற்கு மலேசியாவுக்குப் பாதுகாப்பு இருப்பது வழக்கம். ஆனால் பொதுச் சாலை அல்லாத பாதை, வெள்ளத்தில் மூழ்குதல், காட்டுக்குள்ளிருந்து இழுத்துவருதல் ஆகியவற்றைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மேலும், தோட்டச் சாலைகள் தனியார் சொத்து; வாயிலில் நிறுத்தி அனுமதி கேளுங்கள். காட்டுக்குள் செல்ல மாநில வனத்துறையின் அனுமதியும், பூங்காவுக்குள் செல்லப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

டயர்: முதல் செலவு இதற்கே

தரையைத் தொடுவது டயர் ஒன்றுதான். நெடுஞ்சாலை டயர், எல்லா நிலத்துக்குமான ஏடி டயர், சேற்றுக்கான எம்டி டயர் என்று மூன்று வகை உண்டு. எம்டி டயர் ஈரத் தார்ச்சாலையில் பிடிமானம் குறைந்தது, இரைச்சல் மிகுந்தது, எடை கூடியது. நம் வாகனம் பெரும்பாலும் மழை பெய்யும் நகரச் சாலைகளில் ஓடுவதால், நான் ஏடி டயரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அளவை மாற்றாமல், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே, பக்கச் சுவர் தடித்த வகையாகப் பார்த்து வாங்கினால் விதிச் சிக்கலும் இல்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கக் குறியீடு இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். நம் வெயிலில் ரப்பர் விரைவில் முதுமை அடைவதால், பூ (தரையைத் தொடும் வரிப்பகுதி) தேயாமல் இருந்தாலும் பழைய டயரை நம்பக் கூடாது.

ஐந்தாவது டயரும் மற்ற நான்கைப் போன்றதாகவே இருக்க வேண்டும். செம்பனை மட்டையின் ஓரங்களில் உள்ள முட்கள் டயரைத் துளைக்கும் ஆற்றல் உடையவை. வெட்டிப்போட்ட மட்டைகள்மீது ஏறாமல் செல்லப் பழகுங்கள். பூப்பகுதியில் விழும் துளையை ரப்பர்த் திரி சொருகி அங்கேயே அடைத்துவிடலாம். பக்கச் சுவரில் விழும் கிழிசலுக்கு மாற்று டயர் ஒன்றே மருந்து.

காற்றைக் குறைப்பது எல்லாக் கருவிகளிலும் மலிவானது, பயனில் முதலிடம் பெறுவது. காற்று குறைந்த டயர் நீளவாக்கில் பரந்து தரையைத் தழுவிக்கொள்ளும். கல்லைக் குத்தாமல் அதன்மேல் படிந்து ஏறும். சரளையிலும் இறுகிய செம்மண்ணிலும் வழக்கமான அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கிறேன். 36 பிஎஸ்ஐ என்றால் 27 வரை. ஆழ்ந்த சேற்றிலும் மணலிலும் ஏறத்தாழ பாதியாக, 18 முதல் 20 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். காற்றைக் குறைத்தபின் வேகத்தையும் குறைக்க வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் நிரப்ப வேண்டும், ஏனெனில் காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும். இதற்காக 12 வோல்ட் கம்பிரசர் ஒன்று அவசியம். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுவதைவிட, எஞ்சினை ஓடவிட்டு நேராக பேட்டரியில் மாட்டுவதையே தேர்ந்தெடுங்கள். பெரிய கம்பிரசர் இழுக்கும் மின்சாரத்தில் அந்தத் துளையின் ஃபியூஸ் எரிந்துவிடும்.

இன்னொரு பயணத்தில் டயர் பஞ்சரானபோது, பட்டறையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி முடுக்கப்பட்டிருந்த சக்கர நட்டுகளை வண்டியோடு வந்த சாவியால் அசைக்கவே முடியவில்லை. வேறொரு வண்டிக்காரர் நீண்ட குழாய் ஒன்றைக் கொடுத்து உதவும்வரை இரண்டு மணி நேரம் அட்டைப்பூச்சிகளுக்கு நடுவே நின்றோம். அதன் பிறகு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கார் நிறுத்துமிடத்திலேயே ஐந்து நட்டுகளையும் கையால் கழற்றி, கையேட்டில் உள்ள அளவுக்குத் திருகுவிசைச் சாவியால் முடுக்கிவிடுகிறேன். ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரமண்ணில் ஜாக் வண்டியைத் தூக்காது, தானே உள்ளே இறங்கும்.

சிக்கிக்கொண்டால்

வாகனம் வாங்கிய வாரத்திலேயே அதன் அடியில் குனிந்து, முன்னும் பின்னும் சேசிஸில் பொருத்திய, தாங்குதிறன் குறிப்பிட்ட மீட்புக் கொக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் பொருத்துங்கள். இழுவைப் பந்தில் (பின்னிழுவை வண்டியை மாட்டுவதற்கான இரும்புக் குமிழ்) கயிற்றை மாட்டவே கூடாது. அந்தப் பந்து முறிந்து குண்டுபோலப் பாய்ந்து உயிர்களைப் பறித்திருக்கிறது. நாங்கள் செய்த தவறு இதற்கு ஒரு படி மட்டுமே குறைந்தது.

முதலில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணையும் வண்டியின் வயிற்றைத் தாங்கி நிற்கும் மேட்டையும் அகற்றி, காற்றைக் குறைத்து, பிடிமானப் பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து மெதுவாக நகர்த்தினால், பத்தில் எட்டு முறை வேறு எதுவும் தேவைப்படாது என்பது என் அனுபவம். சக்கரத்தை வேகமாகச் சுழற்றுவதால் பள்ளம் ஆழமாவதைத் தவிர வேறு பயன் இல்லை.

இன்னொரு வண்டி இழுக்க வேண்டியிருந்தால், நீளும் தன்மையுள்ள நைலான் கயிறு வேண்டும். இது 20 முதல் 30 விழுக்காடு வரை நீண்டு, சேமித்த விசையால் புதைந்த வண்டியை உருவி எடுக்கும். நீளாத கயிற்றால் ஓடி இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும். கயிற்றின் அறுபடும் வலிமை, இரண்டில் இலேசான வண்டியின் மொத்த எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்காக இருக்கட்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளுக்குப் பதிலாக நார்க் கயிற்றாலான மென்மையான ஷேக்கிளைப் பயன்படுத்தினால், அறுந்தாலும் பறக்கும் எடை குறைவு. கயிற்றின் நடுவே ஈரத் துணியையோ பையையோ போர்த்துங்கள். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் பக்கவாட்டில் நிற்கட்டும், பிள்ளைகள் அதற்கும் அப்பால்.

வின்ச் பற்றிப் பலர் கேட்பார்கள். வாகனத்தின் மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடிய வின்ச் வேண்டும். அதைத் தாங்கும் பம்பரும் வேண்டும். விதிமுறை இடம் கொடுக்க வேண்டும். முன்னச்சின்மீது எடை கூடும். இரண்டு வண்டிகளாகச் செல்பவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாவது வண்டியைவிடச் சிறந்த மீட்புக் கருவி எதையும் நான் கண்டதில்லை. தனி வண்டியாக இரண்டாம் வகைப் பாதைக்குள் நான் நுழைவதும் இல்லை.

ஓடையைக் கடக்கும்போது, லாபிஸ் அருகே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய என் பெரியப்பா சொன்னதை அப்படியே பின்பற்றுகிறேன்: "தம்பி, நீ நடந்து போகாத தண்ணியில வண்டிய விடாத." கோல் ஒன்றை ஊன்றி நடந்து, ஆழத்தையும் அடியில் உள்ள கல்லையும் இழுப்பின் வேகத்தையும் அறிய வேண்டும். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே சிறிய காரை மிதக்கவைத்து நகர்த்திவிடும். காற்று சஸ்பென்ஷன் கொண்ட புதிய டிஃபெண்டர் 90 சென்டிமீட்டர் வரை கடக்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுவது அந்த ஒரு வண்டிக்கு, அமைதியான நீருக்கு. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால், அமுக்க முடியாத அந்த நீரில் பிஸ்டன் மோதி உள்ளுறுப்புகள் வளைந்துவிடும். நடுவழியில் எஞ்சின் நின்றால் மீண்டும் முடுக்காதீர்கள். மேற்பகுதியில் மழை பெய்தால் தெளிந்த ஓடைகூட ஒரு மணி நேரத்தில் கலங்கி உயரும். அத்தகைய வேளையில் இக்கரையிலேயே கூடாரம் அடித்துக் காத்திருங்கள்.

மற்றவை

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வீதம், ஒரு நாள் கூடுதலாகக் கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். சரிந்த மரத்தை வெட்ட மடக்கு ரம்பம் போதும். பாராங் கத்தியை வண்டியில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர்ச் சாலையில் செல்வது சட்டச் சிக்கலில் முடியலாம். வரைபடங்களைக் கைப்பேசியில் முன்பே இறக்கி, காகிதப் பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடத்துக்குச் செல்பவர்கள் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை வாங்கிக்கொள்வது, கூரைக் கூடாரத்துக்குச் செலவிடுவதைவிட நல்லது. அடர்ந்த மரக்கூரையின்கீழ் அதுவும் தடுமாறும், வெட்டவெளிக்கு வந்து பயன்படுத்த வேண்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். மலேசியாவில் அவசர எண் 999.

கொசுவலையும் கொசு விரட்டியும் கட்டாயம். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் நோலெசி வகை மலேரியா மலேசியக் காடுகளில் உண்டு. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். காஹாங், மெர்சிங் வட்டாரங்களில் காட்டு யானைகள் சாலையைக் கடக்கும். இருட்டிய பின் ஓட்டாதீர்கள். யானையைக் கண்டால் ஹார்ன் அடிக்காமல், படம் எடுக்க இறங்காமல், மெல்லப் பின்வாங்கி வழிவிடுங்கள்.

திரும்பி வந்தவுடன், தண்ணீரைக் கடந்திருந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெயைப் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். பிரேக்கின் உள்ளும் ரேடியேட்டரின் இடுக்குகளிலும் ஒட்டிய செம்மண் காய்ந்து இறுகுவதற்குள் அடிப்பகுதியை நன்றாகக் கழுவிவிடுங்கள். காற்று வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். அதே நாளில் சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கி, பயன்படுத்திய கயிற்றைக் கழுவி நிழலில் உலர்த்தி, நார் பிரிந்த இடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பிரிந்திருந்தால் அந்தக் கயிற்றை வெட்டி எறிந்துவிடுங்கள்.